பத்து நாள் வாளி



விடுமுறை நெருங்குகிறது. சிலர் பாட்டி வீட்டுக்குப் போவீர்கள், சிலர் கடற்கரைக்கோ அருவிக்கோ. நம்முடைய இளைஞர் முகாமுக்கும் சிலர் வருவீர்கள். எங்கே போனாலும் நம்மோடு சேர்ந்து விடுமுறை கொண்டாட ஒரு கூட்டம் காத்திருக்கும்: கொசு, அட்டை, குளவி, சார்லி. இந்த மாதப் பாடம் அவற்றைப் பற்றித்தான்.

"இது சமய வகுப்புக்குரிய பாடமா அண்ணே?" என்று கேட்கத் தோன்றும். படித்து முடித்த பிறகு கேளுங்கள். இந்தப் பாடத்தை நான் புத்தகத்தில் கற்கவில்லை. எங்கள் வீட்டுப் பின்னால் இருந்த ஒரு பச்சை நிற வாளியில் கற்றேன்.

1. நடந்தது என்ன?

எங்கள் வீடு பினாங்கு பெருநிலத்தில், சிம்பாங் அம்பாட்டில் இருக்கிறது. ஊரின் பெயருக்கே நாற்சந்தி என்றுதான் பொருள். ஒரு காலத்தில் சுற்றிலும் தோட்டங்கள். இப்போது தாமான்கள், தொழிற்சாலைகள், நெடுஞ்சாலை. எங்கள் தாமானில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். எங்கள் வீட்டுக் குழம்பு வாசம் பக்கத்து வீட்டுக்குப் போகும், அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சி எங்களுக்குக் கேட்கும்.

போன தீபாவளிக்கு அம்மா புது அகல்விளக்குகள் வாங்கினார். புது மண் விளக்கை அப்படியே ஏற்றினால் எண்ணெயைக் குடித்துவிடும் இல்லையா? அதனால் முதல் நாளே வாளித் தண்ணீரில் ஊறப் போட்டார். தீபாவளியன்று தேவையானதை எடுத்து ஏற்றினோம். மிச்சம் ஏழெட்டு விளக்குகள் வாளியிலேயே கிடந்தன.

மூன்றாம் நாள் கிள்ளானில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் புறப்பட்டோம். அம்மா என்னிடம் இரண்டு தடவை சொன்னார்: "அந்த வாளித் தண்ணிய ஊத்திட்டு வாப்பா." நான் காரில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். "திரும்பி வந்து ஊத்திக்கலாம்மா, பத்து நாள்தானே" என்றேன்.

பத்து நாள்தானே. இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த அன்று சாயங்காலம் பின்கட்டில் கால் வைக்க முடியவில்லை. அவ்வளவு கொசு. வாளியை எட்டிப் பார்த்தேன். நம் ஊரில் எல்லோரும் 'ஜெந்திக் ஜெந்திக்' என்று சொல்லும் கொசுப்புழுக்கள் மேலும் கீழும் நெளிந்து ஆடிக்கொண்டிருந்தன. உடனே தண்ணீரைக் கொட்டினேன். விளக்குகளை எடுத்து வைத்தேன். வாளியைப் பழையபடி குழாயடியில் நிமிர்த்தி வைத்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அதன் பிறகு இரண்டு வாரம் கழித்து, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காய்ச்சல் கண்டது. நான்காம் ஆண்டு மாணவன். ஞாயிற்றுக்கிழமை என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டே உயிரை எடுப்பவன். அவனை 'வாலு' என்றுதான் கூப்பிடுவோம். முதல் இரண்டு நாள் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தார்கள். மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனையில் டிங்கி என்று தெரிந்தது. ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தான். அதில் ஓர் இரவு அவன் அம்மாவும் அப்பாவும் கண்ணை மூடவே இல்லை.

டிங்கி என்று பதிவானால் சுகாதார அதிகாரிகள் சுற்று வட்டார வீடுகளைச் சோதிக்க வருவார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். அதே பச்சை வாளியில், மழையில் சேர்ந்த நான்கு விரல் தண்ணீரில், மறுபடியும் கொசுப்புழு! அவர் அதைச் சிறு குழாயால் உறிஞ்சி புட்டியில் எடுத்துக்கொண்டார். துளசிச் செடிக்கு அடியில் வைத்திருந்த தட்டிலும் இருந்தது. பிறகு எங்கள் பெயருக்கு அபராதச் சீட்டு வந்தது. அது சரியான நடவடிக்கைதான். 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது.

வாலுவைக் கடித்தது எங்கள் வாளிக் கொசுவா, வேறு வீட்டுக் கொசுவா? யாராலும் சொல்ல முடியாது. கொசுவின் காலில் வீட்டு எண் எழுதியிருக்காது. ஆனால் "எங்கள் கொசு இல்லை" என்று என்னால் சொல்ல முடியவில்லை. பையனின் அம்மா என்னைப் பார்த்து, "நீ என்னப்பா செய்வே, எல்லா இடத்துலயும்தான் கொசு இருக்கு" என்றார். அபராதத்தைவிட அந்த வார்த்தைதான் எனக்கு வலித்தது.

2. ஏன் பத்து நாள்?

நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு பொருள் பழுதானால் எங்கே, எந்தக் கட்டத்தில் பழுதானது என்று பின்னோக்கிப் பார்க்கச் சொல்லித்தருவார்கள். அதே முறையில் என் வாளியைப் பார்த்தேன்.

டிங்கியைப் பரப்புவது ஏடிஸ் கொசு. கறுப்பு உடம்பு, கால்களில் வெள்ளைப் பட்டை. சாக்கடையைவிட வீட்டைச் சுற்றித் தேங்கி நிற்கும் தெளிந்த தண்ணீர்தான் இதற்குப் பிடிக்கும். நாம் 'சுத்தமான தண்ணீர்' என்று விட்டு வைப்பதுதான் அதற்குத் தொட்டில்.

முட்டையிலிருந்து புழு வர இரண்டு நாள் போதும். புழு நான்கைந்து நாள் தண்ணீரில் வளரும். கூட்டுப்புழுவாக இரண்டு நாள் இருக்கும். பிறகு இறக்கை முளைத்துப் பறந்துவிடும். நம் ஊர் வெப்பத்தில் மொத்தம் 7 முதல் 10 நாள். குளிர் நாடுகளில் கொசுவுக்கென்று ஒரு பருவம் உண்டு. நமக்கு வருடம் முழுக்கக் கோடைதான், ஆகவே வருடம் முழுக்கக் கொசுப் பருவம்தான்.

இப்போது கணக்குப் பாருங்கள். வீட்டில் ஆள் இருந்தால் வாளித் தண்ணீரை யாராவது எடுத்துப் புழங்குவோம், கொட்டுவோம். கொசுவின் வளர்ச்சி பாதியில் அறுந்துபோகும். வீட்டைப் பூட்டிவிட்டுப் பத்து நாள் போனால்? ஒரு முழுத் தலைமுறை எந்தத் தொந்தரவும் இல்லாமல் பிறந்து வளர்ந்துவிடும். நம் விடுமுறையின் நீளமும் கொசுவின் வளர்ச்சிக் காலமும் ஒன்றாக இருக்கின்றன. நான் "பத்து நாள்தானே" என்றேன். கொசுவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

என் இரண்டாவது தவறு இன்னும் முக்கியம். தண்ணீரைக் கொட்டினேன், வாளியைத் தேய்க்கவில்லை. ஏடிஸ் தண்ணீருக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். காய்ந்துபோனாலும் அந்த முட்டை பல மாதம் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். நான் கொட்டியது புழுவை மட்டும். முட்டை வாளியிலேயே இருந்தது. மழை வந்தது, வேலை மறுபடி ஆரம்பமானது. ஆகவே, கொட்டினால் மட்டும் போதாது. பிரஷ் வைத்துத் தேய்த்து, கவிழ்த்து வைக்க வேண்டும்.

புகை அடித்தால் போதாதா என்று கேட்பீர்கள். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தண்ணீருக்குள் இருக்கும் புழுவை அது தொடாது. புகை வண்டி போய் இரண்டு நாளில் வாளியிலிருந்து புதுக் கொசு கிளம்பும்.

இன்னொரு விஷயம். கடுமையான இரத்தக்கசிவு டிங்கி இந்த நாட்டில் முதன்முதலாகப் பதிவானதே நம் பினாங்கில்தான், 1962-ல். ஆகவே இது வேறு யாருக்கோ நடக்கும் செய்தி இல்லை. நம் ஊர்க் கதை.

3. பாட்டி சொன்ன கதையும் டாக்டர் வாட்சனும்

இங்கே வாளியில் கொசு வளர்ந்துகொண்டிருந்த அதே பத்து நாளில், கிள்ளானில் பாட்டி எங்களுக்குப் பழைய கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய பாட்டி காலத்தில் தோட்டத்து லயத்தில் முறைக்காய்ச்சல் வருமாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் தூக்கித் தூக்கிப் போடுமாம். "கொயினா கசப்பு நாக்குல மூணு நாளைக்கு நிக்கும்னு சொல்லுவாங்க" என்றார் பாட்டி. கப்பலில் வந்து இறங்கியவர்களில் எத்தனையோ பேர் ஊருக்குக் கடிதம் எழுதுவதற்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்டார்களாம்.

அந்தக் காய்ச்சல்தான் மலேரியா. திரும்பி வந்து, வாளி விவகாரம் எல்லாம் நடந்த பிறகு, அதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

மலேரியாவைக் கொசுதான் கடத்துகிறது என்பதற்கான முக்கியமான சான்றை ரோனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20-ல் இந்தியாவின் செகந்திராபாத்தில் கண்டார். ஆண்டுதோறும் அந்த நாள்தான் உலகக் கொசு தினம். அதற்கு நான்கு வருடம் கழித்து, 1901 செப்டம்பரில், இப்போது போர்ட் கிளாங் என்று சொல்லும் துறைமுகம் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. சதுப்பு நிலத்தில் கட்டிய துறைமுகம். திறந்த சில வாரத்திலேயே தொழிலாளர்கள் வரிசையாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். துறைமுகத்தை மூடிவிடலாமா என்று பேசும் அளவுக்கு நிலைமை போனது.

அப்போது கிள்ளானில் மருத்துவராக இருந்தவர் மால்கம் வாட்சன். ராஸின் கண்டுபிடிப்பை அவர் நம்பினார். "சதுப்பில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடியுங்கள், ஊருக்குள் இருக்கும் காட்டை வெட்டுங்கள்" என்றார். செய்தார்கள். மறு வருடமே காய்ச்சலும் சாவும் பெருமளவு குறைந்தன. அந்த ஊரை மாற்றியவை வாய்க்காலும் மண்வெட்டியும். அதாவது பொறியியல்! இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இதே வைத்தியத்தைக் குன்றுப் பகுதித் தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் குறையவில்லை. ஏன்? கடலோரச் சதுப்பில் இருந்தது நிழலை விரும்பும் கொசு. காட்டை வெட்டி வெயில் விட்டால் அது போய்விடும். குன்றுப் பகுதியில் இருந்ததோ வெயில் படும் தெளிந்த ஓடையை விரும்பும் வேறு வகை அனாபலிஸ். காட்டை வெட்டி ஓடையை வெயிலுக்குத் திறந்துவிட்டது அதற்கு வாசல் திறந்துவிட்டது போல ஆனது. பிறகு வாட்சன் அந்த ஓடைத் தண்ணீரை நிலத்துக்கு அடியில் மண் குழாய் பதித்து ஓட்டும் முறையைக் கொண்டுவந்தார். வெளியே தண்ணீர் தெரிந்தால்தானே கொசு முட்டையிடும்? முடியாத இடத்தில் தண்ணீர் மேல் எண்ணெய் தெளித்தார்கள். எண்ணெய்ப் படலம் இருந்தால் புழுவால் மூச்சு விட முடியாது.

(எங்கள் வீட்டில் விளக்கில் எண்ணெய் இருந்தது, வாளியில் இல்லை. கொசு சரியான இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தது.)

இதில் நமக்கு இருக்கும் பாடம் இதுதான்: எதிரியின் பெயர் 'பூச்சி' இல்லை. எந்தப் பூச்சி, எங்கே பிறக்கிறது, எப்போது வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் செய்கிற வைத்தியம் சில நேரம் நோயைவிட மோசமாகிவிடும். நம் முன்னோர் இதற்குக் கொடுத்த விலை பெரியது. அவர்கள் படித்துத் தெரிந்துகொள்ள வழி இல்லை. நமக்கு இருக்கிறது.

4. விடுமுறையில் நாம் சந்திப்பவர்கள்

சார்லி: பெருநிலத்தில் வயலோரம் வசிப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். எறும்பு போல ஒல்லியாக, கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி இருக்கும் சின்ன வண்டு. நெல் அறுவடை நேரத்தில் வயலை விட்டுக் கிளம்பி, இரவில் விளக்கு வெளிச்சத்தைத் தேடி வீட்டுக்குள் வரும். இதைப் பற்றி மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நம் பினாங்கிலேயே ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். இது கடிக்காது, கொட்டாது. இதன் உடம்புக்குள் இருக்கும் இரசம்தான் விஷம். கழுத்தில் ஊர்ந்தால் 'பட்'டென்று அடிப்போம் இல்லையா? அங்கேதான் தப்பு. நசுங்கினால் இரசம் தோலில் படும். மறுநாள் அந்த இடம் சுட்டது போலச் சிவந்து கொப்பளிக்கும். ஆகவே அடிக்காதீர்கள். ஊதிவிடுங்கள், அல்லது ஒரு தாளில் ஏற விட்டு அப்புறப்படுத்துங்கள். தெரியாமல் நசுக்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். படுக்கும் முன் தலையணையை உதறுங்கள். தேவையில்லாத விளக்கை அணையுங்கள்.

அட்டை: அருவிக்கும் காட்டுக்கும் போகிறவர்களுக்கு. அட்டை ஏறினால் கத்த வேண்டாம், பிய்த்து இழுக்கவும் வேண்டாம். நெருப்பு வைப்பதும் கூடாது. பயந்தால் அது உள்ளே போனதைக் காயத்திலேயே கக்கிவிடும். அதன் வாய் ஒட்டியிருக்கும் மெல்லிய முனையில் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும், பயப்பட வேண்டாம். கழுவி அழுத்திப் பிடித்தால் போதும். நீளக் காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொண்டு நடந்தால் பாதிப் பிரச்சினை இல்லை.

குளவியும் தேனீயும்: கூட்டைப் பார்த்தால் கல் எறியும் வீரர்கள் எல்லா முகாமிலும் ஒருவர் இருப்பார். தயவு செய்து அவரைப் பிடித்துக் கட்டிப் போடுங்கள்! கூட்டம் துரத்தினால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு, மூடிய அறைக்கோ காருக்கோ ஓடுங்கள். தேனீ கொட்டினால் கொடுக்கு தோலில் நிற்கும், அதை உடனே எடுத்துவிட வேண்டும். கொட்டு வாங்கியவருக்கு உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு முட்டினால், தாமதம் வேண்டாம். 999.

அகாஸ்: கடற்கரையில் அந்தி நேரத்தில் கண்ணுக்கே தெரியாமல் கடிக்கும். சதுப்புத் தாவரம் உள்ள கரையில் அதிகம். சொறியச் சொறிய வீங்கும். நீளக் கை சட்டையும் பூச்சி விரட்டும் தைலமும்தான் வழி. சில இயற்கைத் தைலங்கள் சீக்கிரம் ஆவியாகிவிடும், திரும்பத் திரும்பப் பூச வேண்டும். கொசுவத்தியை மூடிய கூடாரத்துக்குள் கொளுத்தாதீர்கள். நமக்கு மூச்சு முட்டும்.

5. காய்ச்சல் வந்தால்

விடுமுறை முடிந்து இரண்டு வாரத்துக்குள் திடீரென்று கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பை அடித்துப் போட்டது போல வலி என்றால் கிளினிக்குக்குப் போங்கள். எங்கே போயிருந்தீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். காய்ச்சலுக்குப் பாராசெட்டமோல் போதும். ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் வேண்டாம், அவை இரத்தக்கசிவை அதிகமாக்கலாம்.

ரொம்ப முக்கியமானது இது: டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். பொதுவாக மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். "காய்ச்சல் விட்டிருச்சு, இனி பயமில்ல" என்று வீட்டில் சந்தோஷப்படுவோம். அப்போதுதான் கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், அசதியில் எழுந்து உட்கார முடியாத நிலை எல்லாம் வரலாம். இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. வாலுவின் வீட்டில் அந்தத் தூங்காத இரவு, காய்ச்சல் இறங்கிய பிறகு வந்த இரவுதான். பப்பாளி இலைச் சாறு கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதை நம்பிக்கொண்டு இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஒருமுறை வந்தால் இனி வராது என்பதும் தவறு. டிங்கிக் கிருமி நான்கு வகை. ஒன்று வந்து போனால் அந்த வகைக்கு மட்டும்தான் பாதுகாப்பு. வேறு வகை இரண்டாவதாக வந்தால் இன்னும் கடுமையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

6. "அடிச்சா பாவமா அண்ணே?"

குணமாகி வகுப்புக்குத் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமையே வாலு கை தூக்கினான். கொஞ்சம் இளைத்திருந்தான். வாய் மட்டும் இளைக்கவில்லை.

"அண்ணே, போன மாசம் அகிம்சை சொல்லிக் கொடுத்தீங்க. எறும்பைக்கூட மிதிக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. கொசுவை அடிச்சா பாவமா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னிடம் கேட்கும் உரிமை அந்த வகுப்பிலேயே அவனுக்குத்தான் அதிகம் இருந்தது.

திருக்குறளில் கொல்லாமைக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. பதஞ்சலி யோக நெறியில் யமங்கள் ஐந்து, அதில் முதலாவது அகிம்சை. இதையெல்லாம் நான் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தேன். அதற்கு அடுத்த படியை நானே சரியாகப் படிக்கவில்லை. யமத்துக்கு அடுத்து வருவது நியமம். நியமங்களில் முதலாவது எது? சௌசம், அதாவது தூய்மை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் அன்றைக்கு வாளியைக் கழுவிக் கவிழ்த்திருந்தால், அந்தக் கொசுக்கள் எங்கள் வீட்டில் பிறந்தே இருக்காது. பிறக்காத கொசுவை யாரும் அடிக்க வேண்டியதில்லை. புகை வண்டி வேண்டியதில்லை. புகையில் கொசுவோடு சேர்ந்து சாகும் மற்றப் பூச்சிகளும் பிழைத்திருக்கும். பக்கத்து வீட்டுக்கு எங்களால் ஆபத்து என்ற பேச்சும் இருந்திருக்காது. தூய்மையில் கவனம் தவறிய இடத்தில்தான் கொலை தேவைப்படுகிறது.

வாலுவிடம் இப்படிச் சொன்னேன்: "உன்னைக் கடிக்க வர்ற கொசுவை அடிச்சு உன்னைக் காப்பாத்திக்க. அதுக்காக நீ கவலைப்படாதே. ஆனா தண்ணியத் தேங்க விட்டுட்டு, அப்புறம் நூறு கொசுவை அடிக்கிறோமே, அதுலதான் நம்ம தப்பு இருக்கு. அந்தத் தப்பை நான் செஞ்சேன்."

வகுப்பு அமைதியாகிவிட்டது. அவன் யோசித்துவிட்டு, "அப்ப சார்லியை ஊதி விடச் சொன்னீங்களே, அது அகிம்சைக்காகவா, தோலுக்காகவா?" என்றான். "ரெண்டுக்கும்தான்டா" என்றேன். உண்மையும் அதுதான். சில நேரம் அகிம்சையும் அறிவியலும் ஒரே பதிலைச் சொல்கின்றன.

இன்னொன்றையும் அவர்களிடம் சொன்னேன். சிலாங்கூரில் சில இடங்களில் வொல்பாக்கியா என்ற நுண்ணுயிர் கொண்ட ஏடிஸ் கொசுக்களை வேண்டுமென்றே பறக்கவிட்டுப் பார்த்தார்கள். அந்த நுண்ணுயிர் இருக்கும் கொசுவில் டிங்கிக் கிருமி சரியாக வளராது. அந்த இடங்களில் டிங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்ததாக 2019-ல் ஆய்வு முடிவு வந்தது. கொசுவைக் கொண்டே கொசு பரப்பும் நோயைக் குறைக்கிறார்கள். கொல்வது ஒன்றே வழி என்று நினைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

7. வீட்டைப் பூட்டும் முன் பத்து நிமிடம்

சுகாதார அமைச்சு 'வாரம் பத்து நிமிடம்' வீட்டைச் சுற்றிப் பார்க்கச் சொல்கிறது. விடுமுறைக்குப் புறப்படும் அன்று அந்தப் பத்து நிமிடம் இன்னும் அவசியம். நான் இப்போது ஒரு தாளில் எழுதி வாசல் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறேன்:

• வாளி, அண்டா, குவளை: கொட்டி, தேய்த்து, கவிழ்த்து வை.
• துளசி, பூச்செடித் தட்டுகள்: தட்டையே எடுத்து உள்ளே வை. வேண்டுமானால் மணல் நிரப்பு.
• பூசை அறை: கும்பத்துத் தண்ணீர், பூச்சாடித் தண்ணீர் இரண்டையும் செடிக்கு ஊற்று.
• பாட்டிலில் தண்ணீரில் வைத்திருக்கும் வெற்றிலைக் கொடி, மணிப்பிளாண்ட்: மண்ணுக்கு மாற்று, அல்லது பக்கத்து வீட்டில் கொடு.
• குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டு: துடை. (இதைப் பலர் பார்த்ததே இல்லை. நானும்தான்.)
• கழிவறை: மூடியை மூடு.
• கூரைத் தகரக் கால்வாய், பழைய டயர், தேங்காய் ஓடு, பெயிண்ட் டின்: தண்ணீர் நிற்கும் எதையும் விடாதே.
• கொட்ட முடியாத தொட்டி: 10 லிட்டருக்கு 1 கிராம் என்ற கணக்கில் அபேட் மருந்து போடு.

நம் இயக்கத்துக்கும் ஒரு வார்த்தை. தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம், நல்ல சேவை. மறுநாள் பந்தலைச் சுற்றிக் கிடக்கும் பிளாஸ்டிக் கோப்பைகளும் உடைத்த தேங்காய் ஓடுகளும் மழைக்குக் காத்திருக்கும். அவற்றைப் பொறுக்கி முடிப்பதோடுதான் சேவை முடிகிறது. முகாமிலும் அப்படித்தான். கூடாரத்தைப் பிரித்த பிறகு அந்த இடத்தை ஒரு தடவை சுற்றி வந்து தண்ணீர் நிற்கும் பாத்திரம் இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். இந்த முறை அந்தப் பொறுப்பை நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். வாலு எனக்கு உதவியாளர். கையில் டார்ச்சோடு என்னைவிட ஆர்வமாக இருக்கிறான்.

கலந்துரையாட

1. உங்கள் வீட்டில் தண்ணீர் தேங்கும் மூன்று இடங்களைச் சொல்லுங்கள். அதில் பூசை சம்பந்தப்பட்டது ஏதாவது இருக்கிறதா?
2. வாட்சன் கடலோரத்தில் செய்த வைத்தியம் குன்றுப் பகுதியில் ஏன் பலிக்கவில்லை? இதே போல ஓர் இடத்தின் தீர்வை இன்னோர் இடத்தில் அப்படியே செய்து தோற்ற அனுபவம் உங்களுக்கு உண்டா?
3. "எங்கள் வீட்டுக் கொசுதான் என்று நிரூபிக்க முடியாது." அப்படியானால் எனக்குப் பொறுப்பு இல்லையா? இரண்டு பக்கமும் பேசுங்கள்.
4. அகிம்சைக்கும் தூய்மைக்கும் உள்ள தொடர்பை உங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணத்தோடு விளக்குங்கள்.

அந்தப் பச்சை வாளி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அம்மா தூக்கிப் போடச் சொன்னார், நான் வேண்டாம் என்றேன். இப்போது அது குழாயடியில் தலைகீழாகத்தான் நிற்கும். அடுத்த தீபாவளிக்கு அதில்தான் விளக்குகளை ஊறப் போடுவோம். ஊறிய மறுநாள் தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கவிழ்ப்பது என் வேலை. அம்மா சொல்லத் தேவையிருக்காது.

நல்ல விடுமுறையாக அமையட்டும். புறப்படும் முன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.